பட்டியல் இருந்தால் போதாது, சரக்கும் இருக்க வேண்டும்
(கணக்கைக் குறுந்தகட்டில் பதியும் மென்பொருள் பற்றி ஒரு விளக்கம்)



எங்கள் உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலை மூலம் வாரியத்திற்கு ஆள் தேர்ந்தெடுக்கும் விதிகளை அவை சொல்கின்றன. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரை மறுபடி குடத்தில் இடக்கூடாது, அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும் இடக்கூடாது என்பது அவற்றுள் ஒன்று.

நமக்கும் அப்படி ஒரு விதி உண்டு. 2017 ஆம் ஆண்டின் மத்திய ஜி.எஸ்.டி. சட்டம் 36 ஆம் பிரிவின்படி, ஆண்டறிக்கைக்குரிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளைப் பாதுகாக்க வேண்டும். 2023-24 ஆம் ஆண்டுக்குரிய கடைசி நாள் 31.12.2024. எனவே அந்தக் கணக்கு 31.12.2030 வரை கையில் இருந்தாக வேண்டும். மேல்முறையீடு இருந்தால் இந்தக் காலம் நீளவும் கூடும். கம்ப்யூட்டரில் கணக்கு வைப்பவர்கள் மறுபிரதி எடுத்து வைக்க வேண்டும் என்றும் விதி இருக்கிறது.

இதற்காக நானும் பில்களைக் குறுந்தகட்டில் பதிந்து வைத்தேன். "முடிந்தது" என்று திரையில் வந்ததும் தகட்டை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டேன். மூன்று ஆண்டுகள் கழித்துத் தேவைப்பட்டபோது போட்டுப் பார்த்தால், எல்லாக் கோப்புகளின் பெயரும் வரிசையாகத் தெரிந்தது. ஆனால் கடைசி நாலு மாதத்துப் பில் ஒன்றுகூடத் திறக்கவில்லை. அதற்குள் பழைய கம்ப்யூட்டரும் போய்விட்டது. சரக்கு வாங்கிய ஒவ்வொரு இடத்துக்கும் நடந்து பில் நகல் வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

ஏன் இப்படி ஆயிற்று என்று விவரம் தெரிந்த பிள்ளைகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

நூலகம் என்றால் என்ன?

நாம் தராசை நாமே செய்வதில்லை. முத்திரை போட்ட தராசை வாங்கி வைக்கிறோம். அதுபோல, பில் போடும் மென்பொருளை எழுதுகிறவர் தகட்டில் பதியும் வேலையைப் புதிதாக எழுத வேண்டியதில்லை. அந்த வேலைக்கென்று முன்பே எழுதிச் சோதித்த நிரல்களின் தொகுப்பு இருக்கிறது. அதற்கு நிரல் நூலகம் என்று பெயர். லிப்பர்ன், லிப்ஐசோஎஃப்எஸ் ஆகியவை அத்தகையவை. எவரும் விலையின்றி எடுத்துப் பயன்படுத்தலாம்.

ஐந்து வேலைகள்

முதலாவது, அடுக்குதல். கோப்புகளை 2048 பைட்டு கொண்ட கட்டங்களாகப் பிரித்து, எது எங்கே இருக்கிறது என்று ஒரு பட்டியல் போடுகிறது. இதற்கான ஐ.எஸ்.ஓ. 9660 என்ற விதி 1988 இல் வந்தது. அதன் முதல் நிலையில் பெயருக்கு எட்டு எழுத்து, பின்னொட்டுக்கு மூன்று எழுத்துதான், அதுவும் ஆங்கிலத்தில். தமிழில் பெயர் வைக்க ஜோலியட் போன்ற பின்னால் வந்த முறைகள் வேண்டும்.

இரண்டாவது, தகடு எழுதும் கருவியிடம் விசாரித்தல். உள்ளே இருப்பது எந்த வகைத் தகடு, எவ்வளவு இடம் காலி, எந்த வேகத்தில் எழுதலாம் என்று கேட்டறிகிறது.

மூன்றாவது, எழுதுதல். லேசர் ஒளி தகட்டின் சாயத்தைச் சுட்டு, உள்வட்டத்திலிருந்து வெளிவட்டம் நோக்கிப் பதிகிறது. தகவல் இடைவிடாமல் வந்துகொண்டே இருக்க வேண்டும். ஆரம்ப நாட்களில் நடுவில் எழுதுவது தடைப்பட்டால் தகடு வீண். 2000 ஆம் ஆண்டுவாக்கில்தான், நின்ற இடத்திலிருந்தே தொடரும் கருவிகள் வந்தன.

நான்காவது, முடித்து வைத்தல். நாள்வழியில் அன்றைய கணக்கை முடித்துக் கோடு போடுவது போல.

ஐந்தாவது, சரிபார்த்தல். எழுதியதைத் திரும்பப் படித்து மூலத்தோடு ஒப்பிட வேண்டும். பல மென்பொருள்களில் இது நாமே தேர்வு செய்தால்தான் நடக்கும். நான் செய்யவில்லை.

எனக்கு நேர்ந்தது இப்போது விளங்கும். பட்டியல் தகட்டின் தொடக்கத்தில், உள்வட்டத்தில் இருக்கிறது. அது பிழைத்துக்கொண்டது. கெட்டது வெளிவட்டம். கட்டுச் சீட்டில் நூறு மூட்டை என்று இருந்ததைப் பார்த்தேனே தவிர, மூட்டையை எண்ணவில்லை.

நாம் செய்ய வேண்டியது

மென்பொருள் எழுதித் தருபவரிடம், "சரிபார்த்த பிறகுதான் முடிந்தது என்று வரவேண்டும்" என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை வேறு இடத்தில் வையுங்கள். தகரக் கூரைக் கிடங்கில் வைக்காதீர்கள். வெயிலும் வெப்பமும் சாயத்தைக் கெடுக்கும். புதிய கம்ப்யூட்டர்கள் பலவற்றில் தகடு போடும் இடமே இல்லை. தனியாக இணைக்கும் கருவி ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆயுத பூஜையன்று கணக்குப் புத்தகத்துக்குப் பொட்டு வைக்கும்போது, தகட்டையும் போட்டுக் கடைசிப் பில்லைத் திறந்து பாருங்கள். திறந்தால்தான் அது கணக்கு.