அடுக்களை வரை வரும் அடி

கணவனிடம் அடிபட்டு வேலைக்கு வரும் பெண்ணுக்கு உதவ நினைப்பவர்கள் முதலில் சொல்லும் யோசனை, 'அவனை விட்டு வந்துவிடு.' பெரும்பாலும் அவளால் முடியாத காரியமும் அதுதான்.

டெல்லியின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில், காலை ஏழரைக்கு வர வேண்டிய வேலைக்காரப் பெண் பத்து மணிக்கு வந்தால் முதலில் கிடைப்பது திட்டு. முந்தானையை விலக்கிய பிறகுதான் கன்னத்து வீக்கம் தெரியும். "குழாயடியில வழுக்கி விழுந்துட்டேன் தீதி" என்பாள். அடுத்த மாதம் படியில் விழுந்திருப்பாள். மூன்றாவது முறை எந்த வீட்டுக்காரம்மாவும் நம்புவதில்லை.

இப்படி மறைப்பது ஏழை வீட்டு வழக்கம் மட்டும் அல்ல. 2019-21-ல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, உடல்ரீதியாகவோ பாலியல்ரீதியாகவோ வன்முறைக்கு ஆளான பெண்களில் 77 சதவீதம் பேர் அதை யாரிடமும் சொல்லவும் இல்லை, உதவி கேட்கவும் இல்லை. உதவி தேடியவர்கள் 14 சதவீதம்தான். அவர்களும் பெரும்பாலும் போனது பிறந்த வீட்டுக்கு. ஜார்க்கண்டிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் டெல்லிக்குப் பிழைக்க வந்தவளுக்குப் பிறந்த வீடு ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால். பக்கத்தில் இருப்பது, பாத்திரம் தேய்க்கும் வீட்டின் எஜமானி.

அந்த எஜமானிக்கு வரும் முதல் கோபம் நியாயமானது. 'சம்பாதிப்பது நீ, அடி வாங்குவதும் நீயா? விட்டு வந்துவிடு.' ஆனால் அவள் போட்டுப் பார்க்கும் கணக்கு வேறு. நாலு வீட்டு வேலையும் குடிசையைச் சுற்றி நடக்கும் தூரத்தில். பிள்ளைகளின் பள்ளிக்கூடம் அதே சந்தில். வேறு அறை பிடிக்க முன்பணம் வேண்டும். தனியாக இருக்கும் பெண்ணுக்கு அறை கொடுக்க வீட்டுக்காரர்கள் தயங்குவார்கள். 2015-ல் தொடங்கிய அரசின் 'சகி' மையங்களில் சில நாள் தங்கலாம். ஆனால் குறிப்பிட்ட வயதைத் தாண்டிய மகனுக்கு அங்கே இடம் கிடையாது. ஐந்து நாளுக்குப் பிறகு எங்கே போவது என்ற கேள்விக்குப் பதில் இல்லாதவரை, விட்டு வருவது வெறும் பேச்சு.

உதவி அவளுக்கே வினையாக முடிவதும் உண்டு. எஜமானி கணவனைக் கூப்பிட்டு மிரட்டுவார். அவன் அங்கே தலையாட்டிவிட்டு, 'என் மானத்தை வாங்கிட்டியா' என்று இரவில் இரண்டு மடங்காகத் திருப்பிக் கொடுப்பான். இல்லாவிட்டால் குடித்துவிட்டு வந்து குடியிருப்பின் வாசலில் கூச்சல் போடுவான். காவலாளி செயலாளரிடம் சொல்வார். செயலாளர், 'இந்தத் தொல்லை நமக்கெதற்கு?' என்பார். மாதம் முடிவதற்குள் வேறு ஆள் வந்துவிடும். அடியும் போகவில்லை, இப்போது வேலையும் போனது.

போலீசுக்குப் போனால்? கணவன் செய்யும் கொடுமையைத் தண்டிக்கும் 498-ஏ பிரிவு 1983-ல் வந்தது. 2024 ஜூலை 1 முதல் அதே குற்றம் பாரதிய நியாய சன்ஹிதாவின் 85-வது பிரிவில் இருக்கிறது. மூன்றாண்டு வரை சிறை. ஆனால் போலீஸ் நிலையத்தில் பல நேரங்களில் நடப்பது சமரசம். இனி அடிக்க மாட்டேன் என்று ஒரு காகிதத்தில் எழுதிக்கொடுத்துவிட்டு, புகார் கொடுத்தவளோடேயே அவனும் அன்று மாலை வீடு திரும்புகிறான். அவன் உள்ளே போக வேண்டும் என்பது பல பெண்களின் ஆசையும் அல்ல. அடி நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

அதற்கென்று வந்ததுதான் 2005-ம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம். 2006 அக்டோபரில் அமலுக்கு வந்தது. அடிக்கக் கூடாது என்று மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். மீறினால் ஓராண்டு வரை சிறை அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். குடிசை யார் பெயரில் இருந்தாலும், வாடகை அறையாக இருந்தாலும், அதில் குடியிருக்கும் உரிமை அவளுக்கு உண்டு. தேவையானால் அவனை வெளியேறச் சொல்லவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. முறையாகத் தாலி கட்டாமல் திருமணம் போன்ற உறவில் வாழ்ந்தவளும் மனுப் போடலாம். வக்கீல் கட்டணம் தடையாக வேண்டியதில்லை: 1987-ம் ஆண்டுச் சட்டப்படி, வருமானம் எவ்வளவு இருந்தாலும் எந்தப் பெண்ணுக்கும் இலவச சட்ட உதவி உண்டு.

எஜமானிகள் கவனிக்க வேண்டியது 4-வது பிரிவு. வன்முறை நடக்கிறது என்று நம்பக் காரணம் உள்ள யாரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம். நல்லெண்ணத்துடன் சொன்னவர் மேல் வழக்குப் போட முடியாது. ஆனால் அவளைக் கேட்காமல் தகவல் கொடுத்தால், அன்றிரவு அதன் பலனை அனுபவிக்கப் போகிறவள் அவள்தான். எப்போது சொல்வது என்பதை அவளே முடிவு செய்ய வேண்டும்.

காகிதத்தில் எல்லாம் வேகம்தான். முதல் விசாரணை சாதாரணமாக மூன்று நாளுக்குள் நடக்க வேண்டும். 60 நாளில் முடிக்க முயல வேண்டும். நடைமுறையில் பாதுகாப்பு அலுவலரே பல இடங்களில் வேறு பதவியைச் சுமந்துகொண்டு இதையும் பார்ப்பவர். மாவட்ட, தாலுகா அளவில் இவர்களை நியமியுங்கள் என்று மாநிலங்களுக்கு உச்ச நீதிமன்றம் 2025 மே மாதத்தில் உத்தரவிட வேண்டியிருந்தது. சட்டம் வந்து ஏறத்தாழ இருபது ஆண்டுக்குப் பிறகு!

அதோடு, ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் கூலி போகும். வீட்டு வேலை செய்பவர்களுக்கென்று நாடு தழுவிய தனிச் சட்டம் இல்லை. அப்படி ஒன்றைப் பரிசீலிக்குமாறு மத்திய அரசிடம் உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் கூறியது. அதுவரை சம்பளத்துடன் விடுப்பு என்பது எஜமானியின் மனசைப் பொறுத்தது. நாலு வீட்டிலும் வாய்தா நாளைக் கழிக்காமல் சம்பளம் கொடுத்தால் வழக்கு நடக்கும். ஒரு வீடு கழித்தாலும் அவள் யோசிப்பாள்.

மும்பையில் ஒரு முன்மாதிரி உண்டு. டாட்டா சமூக அறிவியல் கழகம் 1984-ல் போலீஸ் கமிஷனர் அலுவலகத்திலேயே பெண்களுக்கான சிறப்புப் பிரிவைத் தொடங்கியது. பயிற்சி பெற்ற சமூகப் பணியாளர்கள் அங்கே உட்கார்ந்து பெண்ணின் கதையைக் கேட்கிறார்கள். புகாராக எழுதுவதா, கணவனை அழைத்துப் பேசுவதா, தங்க இடம் தேடுவதா என்பதை அவளோடு சேர்ந்து தீர்மானிக்கிறார்கள். பிற மாநிலங்களும் இதைப் பின்பற்றியுள்ளன.

இத்தகைய ஏற்பாடு எட்டாத இடத்தில் காப்பாற்றுவது அக்கம்பக்கத்துப் பெண்கள்தான். சத்தம் கேட்டால் கதவைத் தட்டுவதும் பிள்ளைகளை இழுத்துக்கொள்வதும் அவர்களே. அந்தத் துணையும் ஒரே நாளில் போகலாம். டெல்லி ஜங்புராவில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்த மதராஸி கேம்ப், 2025 ஜூன் 1 அன்று இடிக்கப்பட்டது. சுமார் 370 வீடுகளில் 189-க்கு மட்டுமே மாற்றிடத் தகுதி கிடைத்தது. அதுவும் நகரின் மறுகோடியில் உள்ள நரேலாவில். அங்கிருந்த பெண்களில் பலர் சுற்றுவட்டார வீடுகளில் வேலை செய்தவர்கள். இப்படி இடம் பெயர்க்கப்படும் பெண்ணுக்கு வேலை வீடு, அக்கம்பக்கம் இரண்டும் ஒருசேரத் தூரமாகின்றன.

அப்படியானால் எஜமானி என்னதான் செய்யலாம்? அவளை வேலையிலிருந்து நிறுத்தாமல் இருப்பது முதலாவது. ஆதார், ரேஷன் கார்டு, பிள்ளைகளின் பிறப்புச் சான்று ஆகியவற்றின் நகலைத் தன் அலமாரியில் வைத்துக்கொள்ளலாம். சம்பளம் அவள் பெயரிலுள்ள கணக்கில் போகிறதா, ஏ.டி.எம். கார்டு யார் சட்டைப்பையில் இருக்கிறது என்று கேட்கலாம். அரசு ஆஸ்பத்திரிக்குக் கூடவே போய், காயம் எப்படி வந்தது என்பதை டாக்டர் சீட்டில் எழுத வைக்கலாம். நாளை கோர்ட்டில் பேசப் போவது அந்தச் சீட்டு. 181 என்ற பெண்கள் உதவி எண்ணை அவள் தன் கைப்பேசியில் பதிய வேண்டியதில்லை, எஜமானியின் தொலைபேசியிலிருந்தே பேசலாம்.

இத்தனைக்கும் பிறகு அவள் அவனிடமே திரும்பிப் போகக்கூடும். ஒரு முறை அல்ல, பல முறை. 'இவ்வளவு செய்தும் புத்தி வரவில்லையே' என்று எஜமானி அலுத்துக்கொள்ளும் கட்டம் இது. உதவிகள் பலவும் முறிவதும் இங்கேதான். அவள் போனதற்குக் காரணம் பிள்ளையின் பரீட்சையாக இருக்கலாம், கட்ட முடியாத வாடகையாக இருக்கலாம். எதுவானாலும் மறுநாள் காலை தாமதமாக வந்தாலும் கதவைத் திறந்து, திட்டாமல் வேலை கொடுக்கும் ஒரு வீடு இருந்தால், அடுத்த முறை சொல்வதற்கு அவளுக்கு ஓர் ஆள் மிஞ்சும்.