தோட்டாவும் நாணயமும் உருவான ஒரே தொழிற்சாலை

தேசிய சேவைக்குப் போகும் பிள்ளைகள் புலாவ் தெக்கோங்கில் கையில் வாங்கும் ‘சார் 21’ துப்பாக்கி வெளிநாட்டுச் சரக்கு அன்று. சிங்கப்பூரிலேயே வடிவமைத்து, இங்கேயே தயாரித்து, 1999ல் அறிமுகமானது அது. அந்தத் திறன் ஒரே நாளில் வந்துவிடவில்லை.

1967 ஜனவரியில், டாக்டர் கோ கெங் சுவீ தற்காப்பு அமைச்சராக இருந்தபோது, ‘சார்ட்டர்ட் இண்டஸ்டிரீஸ் ஆஃப் சிங்கப்பூர்’ நிறுவனம் தொடங்கப்பட்டது. துப்பாக்கித் தோட்டா செய்வது அதன் முதல் வேலை. ஆனால் அதே நிறுவனம்தான் நாட்டின் நாணயச்சாலையையும் நடத்தியது!

இரண்டுக்கும் என்ன தொடர்பு? தோட்டாவின் உறை பித்தளைத் தகட்டிலிருந்து வருகிறது. வட்டமாக வெட்டிய துண்டை முதலில் கிண்ணம்போல் அழுத்துவார்கள். பிறகு படிப்படியாக நீட்டிக் குழாயாக்குவார்கள். அழுத்த அழுத்தப் பித்தளை இறுகிவிடும். இடையிடையே சூடேற்றி இளக்காவிட்டால் விரிசல் விடும். நாணயமும் அப்படித்தான்: தகட்டை வட்டமாக வெட்டி, சூடேற்றி இளக்கி, விளிம்பு மடித்து, அச்சில் வைத்து அடிக்க வேண்டும். இரண்டுக்குமே உயிர்நாடி, இரும்பு அச்சைத் துல்லியமாகச் செதுக்கத் தெரிந்த கைவினைஞர்தான். மயிரிழை பிசகினாலும் தோட்டா துப்பாக்கியில் சிக்கும்.

தோட்டாவுக்குப் பிறகு, அமெரிக்காவின் கோல்ட் நிறுவன உரிமத்தில் எம்16 துப்பாக்கி இங்கு தயாரானது. பிறர் வரைபடத்தைப் பார்த்துச் செய்து பழகியவர்கள், பின்னர் சொந்தமாக வரையத் தொடங்கினார்கள்.

நம்மவர்களுக்கு இதைவிட நெருக்கமான கதை செம்பவாங்கில் இருக்கிறது. 1938ல் திறக்கப்பட்ட ஆறாம் ஜார்ஜ் மன்னர் கப்பல் பழுதுபார்ப்புத் துறையிலும் பிரிட்டிஷ் கடற்படைத் தளத்திலும் தமிழர்களும் மலையாளிகளும் பெரும் எண்ணிக்கையில் வேலை செய்தார்கள். ஈசூன் தொழிற்பேட்டையில் இன்று இருக்கும் புனித மரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயமும், அங்கு நடக்கும் பங்குனி உத்திரமும் அந்தத் தளத்து ஊழியர்கள் தொடங்கிவைத்தவை.

படைகளை மீட்டுக்கொள்வதாக 1968ல் பிரிட்டன் அறிவித்தபோது பல குடும்பங்களில் அடுப்பெரியுமா என்ற கவலை. நாட்டுப் பொருளாதாரத்தில் சுமார் 20 விழுக்காடு அந்தத் தளங்களை நம்பி இருந்தது. அதே ஆண்டு கப்பல் பட்டறை அரசாங்கத்தின் கைக்கு வந்து, போர்க்கப்பல் பார்த்த இடம் வணிகக் கப்பல்களைப் பழுதுபார்க்கத் தொடங்கியது. பிரிட்டிஷார் கிளம்பினாலும் வெல்டரும் ஃபிட்டரும் இங்கேதானே இருந்தார்கள்.

தற்காப்புத் தொழில் நிறுவனங்கள் 1997ல் இணைந்து எஸ்டி இன்ஜினியரிங் ஆயின. போர் விமானத்தைப் பராமரித்துப் பழகிய கைகள் இன்று உலகின் பல விமான நிறுவனங்களின் பயணிகள் விமானங்களைப் பிரித்துச் சரிபார்க்கின்றன. பழைய பயணிகள் விமானத்தைச் சரக்கு விமானமாகவும் மாற்றுகின்றன. இருந்தும், மகன் தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் விமானப் பராமரிப்பு படிக்கிறான் என்பதை உறவினர் வீட்டில் சற்றுத் தயங்கியே சொல்லும் பெற்றோர் நம்மில் இன்னும் உண்டு. அந்தத் தயக்கத்துக்குக் காரணமே இல்லை.

ஆயுதத் தொழிற்சாலைக்குள் நினைத்தபோது போய்ப் பார்க்க முடியாது. ஈராண்டுக்கு ஒருமுறை சாங்கியில் நடக்கும் விமானக் கண்காட்சியின் பொதுமக்கள் தினங்களே எளிய வழி. சாகசம் முடிந்ததும் கிளம்பிவிடாமல் உள்ளரங்குக்குப் போனால், பிள்ளைகள் பொறியாளர்களிடமே கேள்வி கேட்கலாம்.