வீட்டுக் கணினிகளுக்கிடையே கோப்புகளைப் பகிர்தல்

பெங்களூர் நகர ரயில் நிலையத்தை அடுத்துள்ள ஒக்கலிபுரம், சுவரோடு சுவர் ஒட்டிய சிறு வீடுகளும் குறுகிய தெருக்களும் நிறைந்த பகுதியாகும். தமிழ்க் குடும்பங்கள் பல நெடுங்காலமாக வாழ்ந்துவரும் இப்பகுதியில், இரண்டே அறைகளுள்ள வீட்டிலும் ஒரு மேசைக் கணினி, ஒரு மடிக்கணினி, இரண்டு மூன்று கைபேசிகள் ஆகியவை இருத்தல் இன்று புதுமையன்று. இத்தகைய வீடொன்றில் பள்ளி ஆசிரியை ஒருவர் இருப்பதாகக் கொள்ளலாம். அவர் மடிக்கணினியில் தயாரித்த மதிப்பெண் பட்டியலைப் பென்டிரைவில் ஏற்றி, அச்சுப்பொறி இணைந்துள்ள மேசைக் கணினிக்குக் கொண்டு செல்கிறார். அங்கே 27 என்று தவறாகப் பதிந்திருந்த ஓர் எண்ணை 72 எனத் திருத்தி அச்சிடுகிறார். மறுநாள் பள்ளிக்கு அனுப்பப்படுவதோ, மடிக்கணினியில் திருத்தப்படாமல் கிடந்த பழைய பிரதி. யந்திரம் எதுவும் பழுதுறவில்லை. எனினும் ஒரு மாணவனின் தேர்ச்சி பொய்யாகிவிடுகிறது.

வீட்டில் கோப்புகளைப் பகிர்வதற்கு எம்முறை சிறந்தது என வினவுவோர் பெரும்பாலும் வேகத்தையும் விலையையுமே கருதுகின்றனர். அவற்றுக்கு முன்னர்த் தீர்மானிக்க வேண்டியது வேறொன்று உண்டு: மூலப் பிரதி எங்கே இருக்க வேண்டும், அதைத் திருத்தும் உரிமை எவருக்கு உண்டு என்பதே அது. பிரதி எடுத்துக் கொண்டுசெல்வது ஒரு முறை. ஒரே இடத்தில் வைத்து எல்லாக் கணினிகளிலிருந்தும் திறப்பது மற்றொன்று. எல்லாக் கணினிகளிலும் ஒரே விதமான பிரதி இருக்குமாறு தாமாகவே ஒத்திசையச் செய்வது மூன்றாவது. கடைகளில் விற்கும் சாதனங்களும் இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள்களும் பெரும்பாலும் இம்மூன்றில் ஒன்றனுள் அடங்கும்.

கணினிகள் ஒன்றோடொன்று பேசுவதற்கு எந்த விதிமுறையைத் தெரிவது என்னும் வினா, பெங்களூருக்குப் பழக்கமானதே. 1986-ஆம் ஆண்டில் மத்திய அரசின் மின்னணுவியல் துறை, ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியுடன் ‘எர்நெட்’ என்னும் கல்வி ஆராய்ச்சி வலையமைப்பைத் தொடங்கியபோது, அதில் முதலில் பங்கு கொண்ட எட்டு நிறுவனங்களுள் இந்நகரின் இந்திய விஞ்ஞானக் கழகமும் ஒன்றாகும். அக்காலத்தில் எதிர்காலம் டி.சி.பி./ஐ.பி. எனப்படும் விதிமுறைக்கா, சர்வதேசத் தர அமைப்பின் ஓ.எஸ்.ஐ. விதிமுறைக்கா என்பது முடிவாகவில்லை. ஆகவே எர்நெட் இரண்டையும் தாங்குமாறு அமைக்கப்பட்டது. 1990-களின் நடுப்பகுதிக்குள் ஏறத்தாழப் போக்குவரத்து முழுவதும் டி.சி.பி./ஐ.பி. வழியே செல்லலாயிற்று. ஒக்கலிபுரத்து வீட்டின் ரூட்டர் இன்று கையாளுவதும் அதே விதிமுறையைத்தான். அந்நாளில் நகரங்களை இணைத்த கம்பித் தடங்கள் நொடிக்கு 9,600 பிட்டுகளையே சுமந்தன. இன்றைய கைபேசியில் எடுத்த 5 மெகாபைட் புகைப்படம் ஒன்று அத்தடத்தில் செல்ல ஒரு மணி நேரத்துக்கும் மேலாகும்!

பென்டிரைவை இகழ வேண்டுவதில்லை. ஒரே ஒரு முறை ஒரு கோப்பை மாற்றுவதற்கு அதைவிட எளியது வேறில்லை. ஆயினும் 4 கிகாபைட்டை எட்டும் நிகழ்படக் கோப்பை அதில் ஏற்ற முயலும்போது, இடம் தாராளமாக இருந்தும் ‘கோப்பு மிகப் பெரிது’ என்ற செய்தி தோன்றுவதுண்டு. ஃபேட் 32 என்னும் பழைய ஒழுங்கில் அது அமைக்கப்பட்டிருப்பதே காரணம். எக்ஸ்ஃபேட் ஒழுங்கில் மீண்டும் அமைத்தால் இத்தடை நீங்கும். ஆனால் அவ்வாறு அமைக்கும்போது உள்ளிருப்பவை அனைத்தும் அழியுமாதலால் முன்னரே வேறிடத்தில் பிரதி எடுத்துக்கொள்ளல் வேண்டும்.

நாள்தோறும் பலர் கையாளும் கோப்புகளுக்குப் பொதுக் கோப்புறையே தக்கது. மேசைக் கணினியில் ஒரு கோப்புறையைப் பகிர்ந்து வைத்தால், மடிக்கணினி அதனைத் தன்னுள் இருப்பதேபோல் திறக்கும். பிரதி ஒன்றே ஆதலின் முற்கூறிய மதிப்பெண் குழப்பத்துக்கு இடமில்லை. விண்டோஸ் கணினிகள் இதற்குக் கையாளும் விதிமுறை எஸ்.எம்.பி. எனப்படும். லினக்ஸ் கணினிகள் அவ்விதிமுறையைப் பேசுவதற்குச் ‘சாம்பா’ என்னும் இலவச மென்பொருள் உள்ளது. ஆஸ்திரேலியாவின் கான்பெரா நகரில் ஆராய்ச்சி மாணவராயிருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல், தம் மேசையிலிருந்த கணினியை வேறு வகைக் கணினியொன்றுடன் இணைக்கும் தேவை காரணமாக 1991-92-இல் இதனை எழுதத் தொடங்கினார். எஸ், எம், பி ஆகிய எழுத்துகள் வரிசையாய் அமைந்த சொல்லை அகராதியில் தேடியபோது அகப்பட்ட பெயரே சாம்பா. வீட்டிலுள்ள எல்லாக் கணினிகளும் லினக்ஸாயின், சன் நிறுவனம் 1984-இல் வெளியிட்ட என்.எஃப்.எஸ். முறையும் போதுமானது. விண்டோஸும் லினக்ஸும் கலந்துள்ள வீட்டில் எஸ்.எம்.பி.யைத் தெரிவதே தொல்லை குறைந்த வழி.

பொதுக் கோப்புறை திடீரெனக் கண்ணுக்குப் புலப்படாமல் போவது வழக்கமான முறையீடு. பெரும்பாலும் காரணம் சிறியதாகவே இருக்கும். விண்டோஸ் அந்த வலையமைப்பைப் பொதுவிட வலையமைப்பாகக் கருதியிருக்கலாம்; ரூட்டர், கணினியின் முகவரியை மாற்றியிருக்கலாம்; அல்லது ஒரு கணினி விருந்தினர் வைஃபையில் இணைந்திருக்கலாம். மேசைக் கணினிக்கு நிலையான முகவரி ஒன்றை ரூட்டரிலேயே ஒதுக்கி வைப்பின் பாதித் தொல்லை தீரும். மேலும், 2024-இல் வெளிவந்த விண்டோஸ் 11 பதிப்பு, கடவுச்சொல் இல்லாத பகிர்வுகளை இயல்பாக ஏற்பதில்லை. அதனைக் குறையென்று கொண்டு பழைய நிலைக்குத் திருப்ப முயல்வோர் உளர். அது விவேகமன்று. வீட்டில் ஒவ்வொருவருக்கும் தனிப் பெயரும் கடவுச்சொல்லும் அமைத்து, ஆசிரியைக்குத் திருத்தும் உரிமையையும் பிள்ளைகளுக்குப் படிக்கும் உரிமையை மட்டுமே அளிப்பது அரை மணி நேர வேலையே.

இவ்வெச்சரிக்கை வீணன்று. 2017 மே 12 அன்று பரவத் தொடங்கிய ‘வான்னாக்ரை’ என்னும் தீய நிரல், எஸ்.எம்.பி. விதிமுறையின் முதற் பதிப்பில் இருந்த பிழை வழியாகவே கணினிக்குக் கணினி தாவியது. ஏறத்தாழ 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளின் கோப்புகளை அது பூட்டிவைத்துப் பணம் கேட்டது. அப்பிழையை நீக்கும் திருத்தம் அதே ஆண்டு மார்ச்சு மாதத்திலேயே வெளியிடப்பட்டிருந்தது; அதனை ஏற்றாத கணினிகளே இரையாயின. பின்புறம் யூஎஸ்பி துளை உள்ள பழைய ரூட்டர்களில் தட்டைச் செருகிக் கோப்புகளைப் பகிரும் வசதி உண்டாயினும், அவற்றுட் பல இம்முதற் பதிப்பையே பேசுகின்றன. அவ்வசதிக்காக விண்டோஸில் முதற் பதிப்பை மீண்டும் திறந்துவிடுதல், பூட்டிய கதவின் சாவியைத் தெருவில் தொங்கவிடுவதற்கு ஒப்பாகும். பொதுக் கோப்புறையை இணையத்துக்கு நேராகத் திறந்து வைத்தல் எக்காலத்தும் கூடாது.

இனி வேகம். ஒக்கலிபுரம் போன்ற நெருங்கிய குடியிருப்பில் அண்டை வீட்டு வைஃபைகள் பத்துப் பதினைந்து ஒரே இடத்தில் மோதுவது இயல்பு. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றன்மேல் ஒன்று படாத தடங்கள் மூன்றே. 5 கிகாஹெர்ட்ஸில் நெரிசல் குறைவு. ஆனால் அவ்வலைகள் சுவரைக் கடக்கையில் அதிகம் தேய்கின்றன. மேசைக் கணினியை அசைக்காது வைத்திருப்பதால் அதனைக் கம்பியால் ரூட்டருடன் இணைத்துவிடல் நன்று. கேட்-5இ வகைக் கம்பி 100 மீட்டர் வரை நொடிக்கு 1,000 மெகாபிட்டுகளைச் சுமக்க வல்லது. எஸ்.பி. ரோடு எனப்படும் சாதர் பத்ரப்பா சாலைக் கடைகளில் வேண்டிய நீளத்துக்கு முனை பொருத்தியே கிடைக்கும். ரூட்டரின் துளை 100 மெகாபிட் வகையாயின் 20 கிகாபைட் நிகழ்படங்கள் செல்ல அரை மணி நேரமாகும். இரு முனைகளிலும் 1,000 மெகாபிட் துளைகள் இருப்பின் மூன்று நிமிடமே. வாங்குமுன் இதனை நோக்குதல் வேண்டும்.

மின்செலவையும் கருத வேண்டும். 60 வாட் உட்கொள்ளும் மேசைக் கணினியை இரவும் பகலும் இயக்கினால் 30 நாளில் 43 யூனிட் செலவாகும். 5 வாட்டில் இயங்கும் ராஸ்ப்பெரி பை போன்ற சிறு கணினிக்கு 4 யூனிட்டுக்கும் குறைவே.

கணினி எப்போதும் இயங்கிக்கொண்டிருக்க வேண்டாத முறை ஒத்திசைவு. மடிக்கணினியை வெளியூருக்கு எடுத்துச் செல்லும் களப் பணியாளருக்கு இது மிகவும் பொருந்தும். ‘சிங்திங்’ என்னும் இலவச மென்பொருள், இரு கணினிகளும் ஒரே வலையமைப்பில் சந்திக்கும்போது மாறிய பகுதிகளை மட்டும் பரிமாறிக்கொள்கிறது. மாறிய பகுதியை மட்டும் அனுப்பும் இவ்வுத்தியைப் புகழ்பெறச் செய்தது, சாம்பாவை எழுதிய டிரிட்ஜெல், பால் மக்கெராஸுடன் சேர்ந்து 1996-இல் வெளியிட்ட ‘ஆர்சிங்க்’ நிரலே. ஆனால் ஒரு தீங்கும் இதிலுண்டு. மடிக்கணினியில் தவறுதலாக அழித்த கோப்பு, மேசைக் கணினியிலும் சில நொடிகளில் அழிந்துவிடும். பழைய பிரதிகளைச் சில நாட்கள் தனியே வைத்திருக்கும் அமைப்பு சிங்திங்கில் உண்டு. அதனை நாமே இயக்கி வைத்தாலன்றி அது செயல்படாது.

கைபேசியிலிருந்து கணினிக்குப் படங்களை மாற்ற முன்னர்ப் பலர் ஷேர்இட், எக்செண்டர் ஆகிய செயலிகளைக் கையாண்டனர். 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு தடை செய்த 59 செயலிகளுள் இவ்விரண்டும் இருந்தன. ஆண்ட்ராய்டிலேயே அமைந்துள்ள குயிக் ஷேர் அவ்வேலையைச் செய்கிறது. படங்கள் நூற்றுக்கணக்கில் இருப்பின் யூஎஸ்பி கம்பியே நம்பத்தக்கது. ஆனால் மலிவான கம்பிகள் சில மின்னேற்ற மட்டுமே பயன்படுவன, தரவு செல்லும் இழைகள் அவற்றில் இல்லை. கைபேசி கணினியில் தோன்றாதபோது முதலில் கம்பியை மாற்றிப் பார்த்தல் வேண்டும்.

மேற்கூறிய எம்முறையும் காப்புப் பிரதி ஆகாது. பொதுக் கோப்புறையில் உள்ளதை ஒரு தீய நிரல் பூட்டினால் எல்லோருக்கும் பூட்டப்படும். ஒத்திசைவில் பூட்டிய பிரதியே எங்கும் பரவும். ஆகையால் ஒக்கலிபுரத்து வீட்டுக்குப் பொருத்தமான ஏற்பாடு இதுவாகும்: மதிப்பெண் பட்டியலும் பாடக் குறிப்புகளும் மேசைக் கணினியின் பொதுக் கோப்புறையில், பயணத்தில் வேண்டுபவை மட்டும் ஒத்திசைவில், இவை அனைத்தின் பிரதியும் ஞாயிறுதோறும் ஒரு புறத் தட்டில். பிரதி எடுத்தபின் அத்தட்டைக் கழற்றி அலமாரியில் வைத்துவிடல் வேண்டும். மாதம் ஒரு முறை அதிலிருந்து ஏதேனும் ஒரு கோப்பை மற்றக் கணினியில் திறந்து பார்க்க வேண்டும். திறக்கவில்லையெனில், அத்தட்டு எவ்வளவு புதியதாயினும் வேறு தட்டு வாங்கவேண்டியதுதான்.