வீட்டு நாயும் பூனையும்: பருவந்தோறும் செய்ய வேண்டிய பராமரிப்பு

பசுவுக்கு உடல்நலங் குன்றினால் அன்றே கால்நடை மருத்துவரை நாடி ஓடுகிறோம். ஆனால் களத்து மேட்டில் வேர்க்கடலைக்குக் காவலிருக்கும் நாயையும், தறிக்குழியருகே எலிகளை அண்டவிடாது பாவு நூலைக் காக்கும் பூனையையும் பற்றி நாம் அவ்வாறு எண்ணுவதில்லை. மிஞ்சிய சோற்றை இட்டால் கடமை தீர்ந்தது என்றிருந்து விடுகிறோம். இவ்வலட்சியத்தின் கேடு அப்பிராணிகளோடு நிற்பதில்லை. நம் குழந்தைகளின் உயிருக்கே சில வேளைகளில் உலை வைக்கிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, ஆண்டுதோறும் உலகில் ஏறக்குறைய 59,000 பேர் வெறிநோயால் மடிகின்றனர். அவர்களில் நூற்றுக்கு நாற்பது பேர் பதினைந்து வயதுக்குட்பட்ட சிறுவர். அநேகமாக அனைவருக்கும் அந்நோய் நாய்க்கடியாலேயே வருகிறது. அறிகுறிகள் தோன்றியபின் பிழைத்தோர் மிக அரியர். பிரான்சு நாட்டு அறிஞர் லூயி பாஸ்டர் இந்நோய்க்கான தடுப்பூசியை 1885-ஆம் ஆண்டிலேயே மனிதருக்குச் செலுத்தி வெற்றி கண்டார். நம் மாநிலத்துக் குன்னூரில் பாஸ்டர் நிலையம் 1907-இல் தோன்றியது. அவ்வாறிருந்தும் நோய் ஒழியாமைக்குக் காரணம் யாது? கடிபட்ட மனிதனுக்கு ஊசி போடுகிறோம். கடிக்கும் நாய்க்கு முன்னதாகப் போட மறந்து விடுகிறோம்.

குட்டிப் பருவம்

கன்றுக்குச் சீம்பால் ஊட்டுவதன் பயனை உழவர் அறிவர். நாய்க்குட்டியும் பூனைக்குட்டியும் அவ்வாறே தாய்ப்பாலினால் நோயெதிர்க்கும் ஆற்றலைப் பெறுகின்றன. சில வாரங்களில் அவ்வாற்றல் தேய்ந்துவிடும். அது உடலில் மிகுந்திருக்கும்போதோ, போடும் தடுப்பூசி முழுப்பயன் தராது. ஆகவேதான் ஆறு முதல் எட்டு வாரத்திற்குள் முதல் ஊசியும், பின்னர் மூன்று அல்லது நான்கு வாரத்திற்கு ஒருமுறையாக நான்கு மாதம் நிறையும் வரை மறு ஊசிகளும் போட வேண்டும். 'ஒன்று போட்டாயிற்றே' என்று நிறுத்துவது பெரும் பிழையாகும். இரத்தக் கழிச்சலும் வாந்தியும் உண்டாக்கும் பார்வோ நோய் அத்தகைய குட்டிகளையே வாரிக்கொண்டு போகிறது. வெறிநோய்த் தடுப்பூசியை மூன்றாம் மாதத்தில் நாய், பூனை இரண்டிற்கும் தவறாது போட வேண்டும்.

குடற்புழு மருந்தை இரண்டு, மூன்று வாரக் குட்டியாயிருக்கும்போதே தொடங்கி, மூன்று மாதம் வரை இரு வாரத்திற்கு ஒருமுறை கொடுத்தல் நலம். குட்டியின் மலத்தினின்று வெளிப்படும் கொக்கிப்புழுவின் இளம்புழுக்கள், வெறுங்காலுடன் மண்ணில் விளையாடும் பிள்ளைகளின் தோலிலும் நுழைந்து அரிப்புண்டாக்கும்.

நடுப்பருவம்

வெறிநோய் ஊசியை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். மூன்று மாதத்திற்கு ஒருமுறை குடற்புழு மருந்து கொடுப்பது நல்லது. எலிகளின் சிறுநீரால் வயல்நீரில் பரவும் எலிக்காய்ச்சல் நாயையும் பற்றுமாதலால், அதற்குரிய ஊசியைப் பற்றியும் மருத்துவரைக் கேட்டறிக. காதுமடலிலும் விரலிடுக்கிலும் உண்ணி உள்ளதா என்று வாரந்தோறும் பார்த்தல் வேண்டும். இங்கே ஓர் எச்சரிக்கை: மாட்டுக்குத் தெளிக்கும் உண்ணி மருந்தைப் பூனையின்மேல் தடவலாகாது. நமக்குக் காய்ச்சலென்றால் விழுங்கும் பாரசிட்டமால் மாத்திரையும் பூனைக்குக் கொடிய நஞ்சாகும்.

பூனை ஆறு மாதத்திற்குள்ளேயே சினை பிடிக்கக்கூடும். குட்டிகளைச் சாக்கில் கட்டி ஏரிக்கரையில் விட்டு வருவதினும், உரிய காலத்தில் கருத்தடை அறுவை செய்வித்தல் அறமாகும்.

முதுமைப் பருவம்

ஏழெட்டு வயதுக்குமேல் ஆறு மாதத்திற்கு ஒருமுறை மருத்துவரிடம் காட்டுதல் நன்று. பூனை மிகுதியாக நீர் குடித்து மெலிந்தால் சிறுநீரகக் கோளாறாக இருக்கலாம். பெட்டை நாயின் மடியில் கட்டி தென்பட்டால் தாமதியாது காட்ட வேண்டும். பல் ஆடினால் உணவைக் குழைத்து இடுக. பத்தாண்டு காவல் காத்த நாயை, குரைப்பு ஓய்ந்ததென்று தொலைவில் கொண்டுபோய் விடுவது நன்றி மறப்பதாகும்.

கடித்துவிட்டால்

கடிவாயில் மிளகாய்ப்பொடியும் சுண்ணாம்பும் அப்பும் வழக்கத்தைக் கைவிட வேண்டும். ஓடும் நீரில் சவர்க்காரமிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் செல்க. பூனை கீறினாலும் இதுவே முறை. குறித்த நாட்களில் எல்லா ஊசிகளையும் போட்டு முடிப்பதே உயிர்காக்கும் வழி.

கூடிச் செய்வோம்

ஒரு வீட்டு நாய்க்கு மட்டும் ஊசி போட்டால் ஊர் காக்கப்படாது. ஊரிலுள்ள நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்குப் போட்டுவிட்டால், அவற்றினிடையே நோய் பரவும் தொடர் அறுபடும் என்பது அறிஞர் கண்ட முடிவு. ஆதலின் இது தனி ஒருவரின் வேலையன்று, கூட்டுறவின் வேலை. ஏரிக்கும் தோட்டத்திற்கும் தனித்தனி வாரியங்கள் அமைத்துப் பொதுக்காரியங்களை நடத்தியதை, கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளின் பராந்தக சோழன் கல்வெட்டுகளில் பொறித்து வைத்திருப்பது நம் உத்திரமேரூர். அவ்வூரார்க்கு இஃது ஒரு பெரிய காரியமன்று.

செப்டம்பர் 28 உலக வெறிநோய் நாளாகும். அதற்கு முன்பாக ஒவ்வொரு கிராமத்துச் சங்கமும் கால்நடை மருந்தகத்தாருடன் கலந்து ஒரு நாளைக் குறிக்கலாம். தெருவாரியாக நாய், பூனைகளை எண்ணி, ஊசி போட்ட தேதியை ஒரு குறிப்பேட்டில் பதியலாம். நூல் கணக்கும் விதைக் கணக்கும் பிழையின்றி எழுதும் நம் அங்கத்தினர், இந்தக் கணக்கையும் எழுதத் தொடங்குவாராக.