சேமிப்பிடம் நிரம்பியது, மாதம் ரூ.130 கேட்கிறது

ஆர்.கே.பேட்டை, அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை பக்கம் விசைத்தறி ஓட்டுகிறவர்களின் போனை வாங்கிப் பார்த்தால் தொழில் முழுவதும் வாட்ஸ்அப்பில்தான் ஓடுகிறது என்பது தெரியும். எந்தக் கலருக்கு எந்த ஊடை என்று முதலாளி அனுப்பிய படம், பாவு வந்த நாள், பீஸ் ஏற்றி அனுப்பிய சீட்டின் போட்டோ, கூலி போட்டதற்கான ஸ்கிரீன்ஷாட், ராத்திரி பத்து மணிக்கு வந்த வாய்ஸ் மெசேஜ். நோட்டுப் போட்டு எழுதுகிற பழக்கம் குறைந்துவிட்டது. கூலியில் தகராறு வந்தால், விரலால் மேலே தள்ளிப் பழைய செய்தியைத் தேடுகிறார்கள்.

இந்த போன்களில் அடிக்கடி வரும் அறிவிப்பு ஒன்று உண்டு. கூகுள் கணக்கின் சேமிப்பிடம் நிரம்பிவிட்டது, இனி புதிய படங்கள் சேமிக்கப்படாது, ஜிமெயிலுக்குக் கடிதம் வராது என்கிறது. கீழேயே தீர்வும் காட்டுகிறது: 100 ஜிபி இடத்துக்கு மாதம் ரூ.130, ஆண்டுக்கு ரூ.1,300. “இத்தனை வருஷம் சும்மாதானே இருந்தது, இப்ப எதுக்குக் காசு?” என்பதுதான் போனை ரீசார்ஜ் கடைக்குக் கொண்டுவருகிறவர்களின் கேள்வி. நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல இருபது வருடம் பின்னால் போக வேண்டும்.

2004 ஏப்ரல் 1 அன்று ஜிமெயில் வந்தது. ஹாட்மெயில் 2 எம்பி, யாகூ 4 எம்பி கொடுத்த காலத்தில் கூகுள் 1 ஜிபி கொடுத்தது. நாளைப் பார்த்து ஏப்ரல் ஃபூல் விளையாட்டு என்றே பலர் நினைத்தார்கள். 2013-இல் ஜிமெயில், டிரைவ் இரண்டுக்குமான இடம் ஒன்றாக்கப்பட்டு 15 ஜிபி ஆனது. அதே 15 ஜிபிதான் இன்றும். 2015 மே மாதம் கூகுள் போட்டோஸ் வந்தபோது இன்னும் பெரிய வாக்குறுதி வந்தது: படங்களைச் சற்றுச் சுருக்கி வைக்கச் சம்மதித்தால் எத்தனை படம் வேண்டுமானாலும் இலவசமாக வைத்துக்கொள்ளலாம். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா கிட்டத்தட்ட இலவசமானதும், அதுவரை மெமரி கார்டில் கிடந்த கல்யாணம், காதுகுத்து, திருத்தணி முருகன் கோயில் படங்களெல்லாம் தாமாகவே மேலே ஏறின. 2018 நவம்பரில் வாட்ஸ்அப்பும் சேர்ந்துகொண்டது. ஆண்ட்ராய்டு போன்களின் வாட்ஸ்அப் பேக்கப் கூகுளின் 15 ஜிபி கணக்கில் சேராது என்று இரண்டு நிறுவனங்களும் ஒப்பந்தம் செய்தன.

பிறகு கதவுகள் ஒவ்வொன்றாக மூடின. 2021 ஜூன் 1 முதல் ஏற்றப்படும் படங்கள் 15 ஜிபியில் சேரும் என்று 2020 நவம்பரில் கூகுள் அறிவித்தது. பயனாளர்களில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்கு இடம் நிரம்ப ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் ஆகும் என்றும் அப்போது சொன்னது. 2021 ஜூனிலிருந்து மூன்று ஆண்டு என்றால் 2024 நடுப்பகுதி. வாட்ஸ்அப் பேக்கப்பும் 15 ஜிபிக்குள் சேரும் என்ற அறிவிப்பு 2023 நவம்பரில் வந்து, 2024-இன் முதல் பாதியில் எல்லா ஆண்ட்ராய்டு போன்களுக்கும் நடைமுறைக்கு வந்தது. மெல்ல நிரம்பிக்கொண்டிருந்த இடத்தில் பல ஜிபி பேக்கப் ஒரே நாளில் வந்து உட்கார்ந்தது. ஏதோ வைரஸ் என்று நினைத்து போனையே ஃபார்மட் செய்தவர்களும் உண்டு. அதில் போனவை திரும்பவில்லை.

நிறுவனத்தின் தரப்பில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2020-இல் கூகுள் போட்டோஸில் 4 லட்சம் கோடிக்கு மேல் படங்கள் இருந்தன. வாரத்துக்கு 2,800 கோடி புதிய படங்களும் வீடியோக்களும் ஏறின. அவற்றை வைக்கும் டேட்டா சென்டர்களுக்கு இடம், மின்சாரம், குளிரூட்டல் எல்லாம் வேண்டும். உங்கள் வீட்டுப் படங்களுக்கு நடுவே விளம்பரம் போட்டுச் சம்பாதிக்கவும் முடியாது. ஆறு மாதத்துக்கு மேல் அவகாசம் கொடுத்தார்கள். 2021 ஜூனுக்கு முன் சுருக்கி ஏற்றிய படங்களை இன்றுவரை கணக்கில் சேர்க்கவில்லை. எல்லா நிறுவனமும் இவ்வளவு செய்வதில்லை. அமெரிக்காவின் போட்டோபக்கெட் 2017-இல் விதிகளை மாற்றி, தன்னிடம் இருக்கும் படங்களை வேறு தளங்களில் காட்ட ஆண்டுக்கு ஏறக்குறைய 400 டாலர் கேட்டது. பத்து வருடமாகப் படம் போட்டு எழுதிய செய்முறைக் குறிப்புகளில் எல்லாம், படம் இருந்த இடத்தில் பணம் கட்டச் சொல்லும் அட்டை தெரிந்தது. எதிர்ப்பு வலுத்து, அடுத்த ஆண்டு நிர்வாகம் மாறிய பிறகே கட்டணம் இறங்கியது.

ஆனாலும் ஜனங்களின் கோபம் கஞ்சத்தனம் என்று பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ரீசார்ஜுக்கு மாதாமாதம் பணம் கட்டுகிறவர்கள் அவர்கள். காலிக் கிடங்கு, வாடகை வேண்டாம் என்று கூப்பிட்டு மூட்டைகளை இறக்கவைத்து, கிடங்கு நிரம்பிய பிறகு வாடகை பேசினால் அது பேரமே அல்ல. முதல் நாளே விலை தெரிந்திருந்தால், எதை வைப்பது, எதைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொள்வது என்று யோசித்திருப்பார்கள். இப்போது வெளியே எடுப்பது, பணம் கட்டுவதைவிடக் கஷ்டமாக இருக்கிறது. 32 ஜிபி போனில் 40 ஜிபி படத்தை எங்கே இறக்குவது? வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாத நெசவாளருக்கு அந்த ரூ.130 விருப்பக் கட்டணம் ஆகாது.

சட்டத்தில் பிடி இருக்கிறதா என்று பார்த்தால், அங்கே ஒரு விசித்திரம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், கட்டணமில்லாமல் தரப்படுவதை ‘சேவை’ என்ற வரையறையிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. பத்து வருடம் இலவசமாகப் பயன்படுத்தியவர் அந்தச் சட்டத்தின் கண்ணில் நுகர்வோர் அல்ல. பணம் கட்டத் தொடங்கிய பிறகே நுகர்வோர் ஆகிறார். அப்போது ஒருதலைப்பட்சமான ஒப்பந்த விதிகளை எதிர்த்து மாநில நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வழி உண்டு. இலவசம் முடிந்து கட்டணம் வரும் அந்த நாளுக்குத்தான் பாதுகாப்பு இல்லை. ஐரோப்பாவில் 2018 மே முதல், நம் தகவலை எடுத்துக்கொண்டு வேறு நிறுவனத்துக்குப் போகும் உரிமை சட்டத்தில் இருக்கிறது. நம்முடைய 2019 தரவுப் பாதுகாப்பு மசோதாவிலும் அந்த உரிமை இருந்தது. 2023-இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அது இல்லை. அதைத் திரும்பக் கேட்க வேண்டிய இடம் நாடாளுமன்றம். கேட்க வேண்டும்.

இலவசம் என்பது இந்தப் பகுதிக்குப் புதிதல்ல. விசைத்தறிக்கு இலவச மின்சாரம் இருக்கிறது. 2022 செப்டம்பரில் மின்கட்டணம் ஏறியபோது விசைத்தறியாளர்கள் தெருவுக்கு வந்தார்கள், மனு கொடுத்தார்கள். 2023 மார்ச்சில் இரண்டு மாதத்துக்கு 750 யூனிட்டாக இருந்த இலவசம் 1,000 யூனிட்டாக உயர்ந்தது. யூபிஐக்குக் கட்டணம் வருமா என்ற பேச்சும் அப்படித்தான். 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி கருத்துக் கேட்பு அறிக்கை வெளியிட்டதும் நாடு முழுக்கக் கூச்சல் எழுந்தது. சில நாட்களிலேயே அப்படி யோசனை இல்லை என்று நிதி அமைச்சகம் சொன்னது. 2024–25-க்கு மட்டும் சிறு கடைகளின் யூபிஐ பரிவர்த்தனைகளுக்காக ரூ.1,500 கோடி ஊக்கத்தொகைத் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. யூபிஐயை நடத்தும் செலவை யாராவது ஏற்கத்தான் வேண்டும் என்று ரிசர்வ் வங்கி ஆளுநர் 2025-இல் சொன்னதை மறுப்பதற்கில்லை. ஆனால் அங்கே கேட்பதற்கு எம்எல்ஏ, எம்பி, அமைச்சர் என்று ஆள் இருக்கிறார்கள். 15 ஜிபியை 20 ஆக்கச் சொல்லி மனு கொடுக்க ஆர்.கே.பேட்டையில் எந்த அலுவலகமும் கிடையாது.

ஆகவே கைவசம் இருக்கும் வழிகளைச் சொல்லிவிடுகிறேன். இடம் வேண்டுமென்று பழைய குடும்பப் படங்களை அழிக்கிறார்கள். அதை முதலில் நிறுத்த வேண்டும். 2021 ஜூனுக்கு முன் சுருக்கி ஏற்றிய படம் கணக்கிலேயே இல்லாததால் அதை அழித்தால் ஒரு எம்பி கூடக் காலியாகாது, படம்தான் போகும். கூகுள் போட்டோஸ் செயலிக்குள் ஒரு படத்தை நீக்கினால் போனிலிருந்தும் போய்விடும் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. நீக்கியது 60 நாள் குப்பைத் தொட்டியில் இருக்கும்.

பெரும்பாலும் இடத்தை அடைப்பவை வாட்ஸ்அப்பில் வரும் வீடியோக்கள். குட் மார்னிங், கட்சிக் கூட்டம், கோயில் திருவிழா என்று எல்லாக் குரூப்பிலும் வருவது பேக்கப்பிலும் ஏறுகிறது. வாட்ஸ்அப் அமைப்புகளில் சாட் பேக்கப் பகுதிக்குப் போய் வீடியோக்களைச் சேர்க்காதபடி அணைத்துவிட்டாலே பேக்கப் பெருமளவு சுருங்கும். ஸ்டோரேஜ் பகுதியில் 5 எம்பிக்கு மேற்பட்ட கோப்புகள் தனியாக வரிசையாகத் தெரியும். தேவையில்லாததை அங்கே நீக்கலாம். புது போன் வாங்கும்போது பழைய போனும் கையில் இருந்தால், க்யூஆர் ஸ்கேன் செய்து சாட் முழுவதையும் நேராக மாற்றலாம். 2023 முதல் இருக்கும் வசதி இது. கூகுளில் இடமே தேவையில்லை. படங்களை மொத்தமாக இறக்க கூகுள் டேக்அவுட் இருக்கிறது. அதற்கு ஒரு கம்ப்யூட்டரும் ஹார்ட் டிஸ்க்கும் வேண்டும். இறக்கும் இணைப்பு ஒரு வாரம்தான் செல்லும். கூலிச் சீட்டு, டிசைன் படம் மாதிரி தொழிலுக்கு வேண்டியதை மட்டும் பிரித்து, ஓடிஜி பென் டிரைவில் மாதம் ஒரு முறை போட்டுவைப்பது பெரும்பாலோருக்குப் போதும்.

இடம் நிரம்பியதும் வாட்ஸ்அப் பேக்கப் நின்றுவிடும்; வாட்ஸ்அப் வழக்கம்போல ஓடுவதால் அது தெரியாது. போன் தொலைந்து, புது போனில் நம்பரைப் போட்டுப் பார்க்கும்போதுதான் கடைசி பேக்கப் போன வருடத்தோடு முடிந்தது தெரியவரும். சாட் பேக்கப் பகுதியில் கடைசி பேக்கப்பின் தேதி எழுதியிருக்கும், இன்றே பாருங்கள். இன்னொரு விதியும் இருக்கிறது. கணக்கு இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து வரம்பைத் தாண்டியே இருந்தால், உள்ளே இருக்கும் படங்களையும் கடிதங்களையும் கூகுள் அழிக்கலாம். 2024 நடுவில் நிரம்பி, அப்படியே விட்டுவைத்தவர்களுக்கு அந்தக் கெடு 2026 நடுவில் முடிகிறது. அழிப்பதற்கு முன் அறிவிப்பு தருவதாக நிறுவனம் சொல்கிறது. அந்த அறிவிப்பையும் விளம்பரம் என்று நினைத்துத் தள்ளிவிடாமல் திறந்து படியுங்கள்.