பொன்னேரியில் மனை, பழவேற்காட்டில் பாடு

பழவேற்காடு படகுத்துறையில் நண்டைத் தரம் பிரித்துக்கொண்டிருந்த அக்கா, கை வேலையை நிறுத்தாமலே கேட்டார்: "பொன்னேரியில ரெண்டு சென்ட் வாங்கிப் போடலாம்னு பாக்குறோம். சரியா வருமா தம்பி?"

ஆசை நியாயமானது. அரசுக் கல்லூரி, ரயில், ஆஸ்பத்திரி எல்லாம் அங்கேதான். தூரமும் ஏறக்குறைய 20 கிலோமீட்டர்தான். ஆனால் விலை நிற்கவில்லை. காட்டுப்பள்ளி துறைமுகம், சென்னை–பெங்களூரு தொழில் வழித்தடம் என்று ஒவ்வொன்றாக வந்தன. 2022-ல் சென்னைப் பெருநகரப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரித்தார்கள். இதையெல்லாம் சொல்லித்தான் புரோக்கர்கள் விலை பேசுகிறார்கள்.

பத்து லட்ச ரூபாய் மனைக்கு முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். ஆக 90,000 ரூபாய் தனியாக வேண்டும். 2025 ஏப்ரலிலிருந்து, பத்து லட்சம் வரையிலான சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் ஒரு சதவீதம் குறைகிறது. அக்கா பெயரில் வாங்கினால் 10,000 மிச்சம். வில்லங்கச் சான்றும் மனை அங்கீகாரமும் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்கவே கூடாது. அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிய 2016-ல் உயர் நீதிமன்றம் தடை போட்டபோது தவித்தவர்கள் பலர். இன்னொன்று, மனையைக் கார்த்திகை மழையில் போய்ப் பாருங்கள். ஆரணியாறு பொன்னேரியைத் தொட்டுக்கொண்டுதான் நம் பழவேற்காடு ஏரிக்கு வருகிறது.

இதுவரை சொன்னது யாருக்கும் பொருந்தும் கணக்கு. மீனவக் குடும்பத்துக்கு இன்னொரு கணக்கு உண்டு.

கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாக்குப்பம் ஊர்களில் பாடு முறை இருக்கிறது. ஏரியில் இன்று எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்பதை ஊரே முறை வைத்துப் பிரிக்கிறது. தலைக்கட்டில் பேர் இருந்தால்தான் பாடு. குடிபெயர்ந்தவர் பேர் என்ன ஆகும் என்று மனை பார்க்கும் முன்பே ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுவிட வேண்டும். அந்த உரிமை பத்திரத்தில் ஏறாது, விலைக்கும் கிடைக்காது.

நீரோட்டம் பஸ் நேரம் பார்ப்பதில்லை. ஏற்றமும் வற்றமும் நாளுக்கு முக்கால் மணி நேரத்துக்கு மேல் தள்ளிப் போகும். இரவு இரண்டு மணிக்கு வலை தூக்கப் பொன்னேரியிலிருந்து எப்படி வருவது? குப்பத்து மணலில் வலையைக் காயப்போடவும் பொத்தவும் வாடகை கிடையாது. இரண்டு சென்ட் என்பது 871 சதுர அடி; வீடு கட்டியபின் வலைக்கு இடமேது? வாடகை வீடென்றால் மீன் வாடைக்கே முகம் சுளிக்கிற வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். அதைச் சொன்னபோது அக்காவின் கை ஒரு கணம் நின்றது.

கடன் வாங்கி மனை வேண்டாம், ஓராண்டு வாடகைக்கு இருந்து பாருங்கள், குப்பத்து வீட்டை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்றேன். இறால் வரும் மாதங்களையும் வராத மாதங்களையும் அந்த ஓராண்டில் பார்த்துவிடலாம்.

"பொண்ணு படிப்பு முடியிற வரைக்கும் வாடகைக்கே இருந்துக்கிறோம். அவரு பாடு நாளுக்கு இங்க தங்கிக்கட்டும்" என்றபடி ஐஸ் பெட்டியை மூடினார் அக்கா.