ஊர் திரும்பும் முன் தீர்க்க வேண்டிய கணக்கு

தருமபுரி மாவட்டத்துக் குடும்பங்கள் பிழைப்புக்காக வெளியூர் போவதைப் பற்றி நாம் நிறையவே பேசியிருக்கிறோம். மழை பொய்த்தது, கேழ்வரகும் சாமையும் கைகொடுக்கவில்லை, வாங்கிய கடனுக்கு வட்டி ஏறியது, பென்னாகரத்திலும் அரூரிலும் வீட்டைப் பூட்டிவிட்டுப் பிள்ளைகுட்டிகளோடு பெங்களூருக்குக் கட்டட வேலைக்கோ, செங்கல் சூளைக்கோ கிளம்பினார்கள் என்று காரணங்களை அடுக்குகிறோம். திரும்பி வரும் பயணத்தை யாரும் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. ஒரு வருடம் உழைத்த குடும்பம் தன் உரிமைகளில் பெரும்பகுதியை இழப்பது, தகர ஷெட்டைக் காலி செய்து மூட்டை கட்டும் அந்த இரண்டு மூன்று நாட்களில்தான் என்பது என் உறுதியான கருத்து. கூலிக்கு ஆதாரம் வேலை நடந்த இடத்தில் இருக்கிறது. பிள்ளையின் பள்ளிப் பதிவும், அங்கே பிறந்த குழந்தையின் பிறப்புப் பதிவும் அங்கேயே இருக்கின்றன. ஓசூரைத் தாண்டிவிட்டால் அவை ஒவ்வொன்றுக்கும் மறுபடி பஸ் ஏற வேண்டும், ஒரு நாள் கூலியையும் இழக்க வேண்டும்.

முதலில் கூலி. பெரும்பாலான இடங்களில் ஆள்கணக்கு மேஸ்திரியின் சட்டைப்பையில் இருக்கும் சின்ன நோட்டில்தான் இருக்கிறது. முழு நாளுக்கு ஒரு கோடு, அரை நாளுக்கு ஒரு புள்ளி, ஓரத்தில் அரிசிக்கும் மருந்துக்கும் கொடுத்த தொகை. வாராவாரம் கிடைப்பது செலவுக் காசு மட்டும். மீதியை ஊருக்குப் போகும்போது மொத்தமாகத் தருவதாகச் சொல்லி நிறுத்தி வைப்பார்கள். அந்த நோட்டின் பக்கங்களை மாதம் ஒருமுறையாவது செல்போனில் படம் எடுத்து வைப்பதும், கட்டட வாசலில் கம்பெனி பெயர் எழுதிய பலகையைப் படம் எடுத்து வைப்பதும் சின்ன வேலைகள்தான். ஆனால் பலன் பெரிது. வேலையிலிருந்து நீக்கப்பட்டாலும், தானாக விலகினாலும், 2 வேலை நாட்களுக்குள் பாக்கி முழுவதையும் தர வேண்டும் என்கிறது 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு. இது 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒப்பந்ததாரர் கூலி தராமல் கைவிரித்தால் வேலையை ஒப்படைத்த முதன்மை நிறுவனம் தர வேண்டும் என்பதும் சட்டம்தான். அதனால்தான் அந்தப் பலகையில் உள்ள பெயர் அவ்வளவு முக்கியம். சூளைகளில் புருஷன் பெண்டாட்டி இருவரையும் ஒரு 'ஜோடி' என்று எழுதிக் கணக்கை ஆண் பெயரில் முடிக்கும் வழக்கம் இருக்கிறது. பெண்ணின் உழைப்பு அந்த ஒற்றை வரியில் காணாமல் போகிறது. கணக்குத் தீர்க்கும்போது இருவர் பெயரையும், இருவர் கூலியையும் தனித்தனியே எழுதச் சொல்லிக் கேட்பது நியாயமான உரிமை.

கையில் ஒரு துண்டுச்சீட்டுகூட இல்லாதவர்கள் எதைக் காட்டி வழக்குப் போடுவார்கள் என்று கேட்கலாம். கூலி தரவில்லை என்று தொழிலாளி மனுக் கொடுத்தால், தந்துவிட்டோம் என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பை அதே சட்டம் முதலாளி தலையில் வைக்கிறது. மனுக் கொடுக்க 3 ஆண்டு அவகாசமும் உண்டு. ஆகவே பதிவேடு இல்லாதது தொழிலாளியின் குற்றமாகாது. இருந்தாலும் எங்கே, எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை, யாருக்குக் கீழே வேலை செய்தோம் என்று சொல்லத் தெரிந்திருந்தால்தான் மனு நிற்கும்.

இதைவிட ஆழமாக மனதில் வேரூன்றிய தடை முன்பணம். வாங்கிய அட்வான்ஸ் கழியாமல் எப்படிக் கிளம்புவது, வாக்குத் தவறுவது ஆகாதா என்று தொழிலாளிகளே கேட்கிறார்கள். கடனைத் திருப்பித் தர நினைக்கும் அந்த நேர்மையை நான் மதிக்கிறேன். அந்த நேர்மையைத்தான் பிடியாக்கி ஆளைக் கட்டிப்போடுகிறார்கள். முன்பணத்துக்காக வேறு வேலைக்குப் போகவோ ஊருக்குத் திரும்பவோ விடாமல் தடுத்தால் அது கொத்தடிமை முறை. 1976ஆம் ஆண்டுச் சட்டம் அதை ஒழித்ததோடு, அப்படிப்பட்ட கடனையும் செல்லாததாக்கிவிட்டது. அது கொத்தடிமைக் கடன் இல்லை என்று காட்ட வேண்டியதும் கடன் கொடுத்தவர்தான். குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவதே கட்டாய உழைப்பு என்று 1982இல் ஆசிய விளையாட்டுப் போட்டிக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சாமான்களையோ ஆதார் அட்டையையோ பிடித்து வைத்துக்கொண்டால், அல்லது குடும்பத்தில் ஒருவரை நிறுத்திவிட்டுப் போகச் சொன்னால், மாவட்ட ஆட்சியரிடமோ கோட்டாட்சியரிடமோ புகார் சொல்லலாம். 15100 என்ற எண்ணில் இலவச சட்ட உதவி கேட்கலாம். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும், கொத்தடிமையாக இருந்தவர்களுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் அந்த உதவி கிடைக்கும்.

இன்னொரு எதிர்வாதம் நடைமுறை சார்ந்தது: மேஸ்திரியைப் பகைத்துக்கொண்டால் அடுத்த வருடம் யார் வேலை கொடுப்பார்கள்? மேஸ்திரி பல நேரங்களில் அதே ஊர்க்காரர், பங்காளியாகக்கூட இருப்பார். இந்தப் பயத்தைச் சட்டப்பிரிவு காட்டி ஒதுக்க முடியாது. ஒரு குடும்பம் தனியாகக் கேட்டால் அதன் பெயர் கெடும், உண்மைதான். ஒரே சைட்டில் இருக்கும் ஐந்தாறு குடும்பங்கள் சேர்ந்து ஒரே நாளில் கணக்குக் கேட்டால் அத்தனை பேரையும் தள்ளி வைப்பது மேஸ்திரிக்கே நஷ்டம்.

கூலிப் பாக்கி பின்னால் வந்தாலும் வரும். பிள்ளைகளின் காகிதங்கள் விஷயத்தில் தாமதம் இன்னும் பாதகமானது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு மிகக் குறைந்த மாவட்டம் தருமபுரி, சுமார் 68.5 சதவீதம். இங்கே ஒரு பிள்ளை ஒரு வருடம் பள்ளிக்கு வெளியே நிற்பது சின்ன இழப்பாகாது. அங்கே பள்ளியில் சேர்த்திருந்தால் மாற்றுச் சான்றிதழை வாங்கிக்கொண்டு கிளம்புவது நல்லது. கிடைக்கவில்லையென்றால் அதற்காகச் சேர்க்கையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமானது என்ற காரணத்தால் சேர்க்கையை மறுக்கக் கூடாது, வயதுச் சான்று இல்லை என்று திருப்பி அனுப்பவும் கூடாது என்கிறது 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம். படிப்பு விட்டுப்போன பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துச் சிறப்புப் பயிற்சி கொடுப்பது பள்ளியின் கடமை. ஆனால் அங்கே குழந்தை பிறந்திருந்தால் பதிவை அங்கேதான் செய்ய முடியும். 21 நாட்களுக்குள் பதிவது எளிது. ஒரு வருடம் கடந்துவிட்டால் அதிகாரியின் உத்தரவு வாங்க அலைய வேண்டும். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் ஆதார் வரை பிறப்புச் சான்றிதழே அடிப்படை. எனவே பாத்திரங்களைக் கட்டுவதற்கு முன்னால் வாங்க வேண்டியது அதைத்தான், கூடவே தடுப்பூசி அட்டையையும்.

எல்லாவற்றையும் தொழிலாளியின் சாமர்த்தியத்துக்கே விட்டுவிடுவது நியாயமில்லை. 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மாவட்டத்துக்கும் ஒவ்வொரு வருவாய்க் கோட்டத்துக்கும் கண்காணிப்புக் குழு இருக்க வேண்டும். தருமபுரியிலும் அரூரிலும் உள்ள அந்தக் குழுக்கள், குடும்பங்கள் ஊர் திரும்பும் பொங்கல் வாரத்திலும் பள்ளி திறக்கும் ஜூன் மாதத்திலும் கிராமங்களுக்கே வந்து உட்கார வேண்டும். யாருக்கு எவ்வளவு பாக்கி, எந்தப் பிள்ளைக்கு எந்தச் சான்றிதழ் இல்லை என்று வீடு வீடாகக் கேட்டு எழுதி, கர்நாடகத்தில் உள்ள தொழிலாளர் துறைக்கு மாவட்ட நிர்வாகமே அனுப்ப வேண்டும். அடுத்த கிராம சபையில் தீர்மானமாகவே இதைக் கேட்கலாம்.